பெட்டிகளுடன் வருபவர்

அவளுக்கு மயக்கம் வருகிறது என்ற சேதி, எல்லோரையும் எட்டிய பிறகு கடைசியாகத்தான் அவளிடம் வந்தது. கொண்டுவந்தவள் ஓர்ப்படி, கொழுந்தன் மனைவி. மத்தியானச் சாப்பாடு முடிந்து, பேருந்து டிப்போவின் அட்டவணைப் பிரிவில் அவள் மறுபடி நாற்காலியில் உட்காரப்போன நேரம் பார்த்து போன் அடித்தது.

"அக்கா, மயக்கம் இப்ப எப்படி இருக்கு?"

"எந்த மயக்கம்?"

"எங்கிட்ட எதுக்குக்கா மறைக்கறீங்க? பெரிய மாமா எல்லாத்தையும் சொல்லிட்டாரு."

பெரிய மாமா என்று அவள் சொல்வது இவளுடைய கணவனை.

"எழுந்து நின்னாலே தலை சுத்துதாமே உங்களுக்கு. கவலையே படாதீங்க. நாங்க மூணு பேரும் சைக்கிள்ல வர்றோம், நீங்க பெட்டிங்களோட வேன்ல ஜம்முனு வாங்க. ஒரு விதத்துல அதுவும் வசதிதான். நான்கூட இன்னொரு பெட்டி எடுத்துக்கலாம்னு இருக்கேன். நீங்கதான் பாத்துக்கப் போறீங்களே."

"வேலை இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று சொல்லி அவள் போனை வைத்தாள். வேலை இருக்கத்தான் செய்தது. ஆனால் அன்று சாயங்காலம் வரை அவள் ஒரு வண்டிக்குக்கூட நேரம் குறிக்கவில்லை.

இருபத்தொரு வருஷமாக நேரம் குறிக்கிறவள். எந்த வண்டியை எத்தனை மணிக்கு எடுக்க வேண்டும், எந்தப் பாலத்தில் எத்தனை நிமிஷம் வீணாகும், எந்த டிரைவர் எங்கே டீ குடிக்க நிறுத்தலாம் என்பதெல்லாம் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். டிரைவர்கள் அவளுக்கு வைத்த பெயர் நிமிஷம்மா. நேரிலேயே அப்படிக் கூப்பிடுவார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். இத்தனை வருஷமும் ஊரார் போகிற வழிக்கெல்லாம் நேரம் போட்டவள், தான் போவதற்கென்று ஒரு வழிக்கு நேரம் போட்டது இந்த ஆறு நாள் சைக்கிள் பயணத்துக்குத்தான்.

கூட வழிகாட்டி வராத பயணம் அது. சைக்கிளைப் பயணக் கம்பெனிக்காரர்கள் தருவார்கள். வழியையும் தங்கும் இடத்தையும் நாமே பார்த்துத் தீர்மானித்துச் சொல்லிவிட வேண்டும். தினமும் காலை ஒன்பது மணிக்குள் பெட்டிகளில் பெயர்ச் சீட்டுக் கட்டி ஹோட்டல் வாசலில் வைத்துவிட்டால், வேன் வந்து எடுத்துப்போய் அடுத்த ஹோட்டலில் இறக்கிவிடும். நாம் ஒரு சின்னப் பையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகக் காற்று வாங்கிக்கொண்டு போகலாம். இப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவளுக்கு வேறு நினைப்பே இல்லை. ஆற்றை ஒட்டியே போகும் வழியாகத் தேடி எடுத்தாள். ஒரு நாளைக்கு முப்பத்தைந்து கிலோமீட்டர், அதற்கு மேல் போனால் தன் முழங்கால் முறைத்துக்கொள்ளும் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாம் நாள் ஓர் ஏற்றம் இருந்தது. அதற்காக வீட்டுக்குப் பக்கத்து மேம்பாலத்தில் இரண்டு மாதம் ஏறி இறங்கிப் பழகினாள். வழிக்குறிப்பு மட்டும் இருபத்து மூன்று பக்கம். எந்த முனையில் நிழல், எந்தக் கடையில் கழிப்பறை என்பதுவரை எழுதியிருந்தாள்.

சைக்கிள் ஓட்டக் கற்றதே நாற்பத்து நாலு வயதில். வண்டிகள் எல்லாம் வெளியே போயிருக்கும் நேரத்தில், டிப்போவின் காலி இடத்தில், வாட்ச்மேன் சைக்கிளை இரவல் வாங்கி, நாலு தடவை விழுந்து, ஒரு தடவை டீசல் பம்ப்பைக் கட்டிப் பிடித்து நின்று கற்றுக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்துச் சிரித்த மெக்கானிக்குகளே, அவள் சொந்தமாகச் சைக்கிள் வாங்கியபோது காற்றடித்துக் கொடுத்தார்கள்.

முதலில் அவளும் கணவனும் மட்டும் போவதாகத்தான் பேச்சு. கணவன் வாய் சும்மா இருக்கவில்லை. தம்பியிடம் சொன்னான். தம்பி ஞாயிறு தவறாமல் சைக்கிளில் ஊர் சுற்றுகிறவன். "அண்ணா, நாங்களும் வர்றோம்" என்று தொற்றிக்கொண்டான். அந்த வீட்டில் சைக்கிள் என்றால் அண்ணன்தான் பெரிய ஆள். தம்பிக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் அவன். இளவயதில் ஒரே நாளில் அறுபது கிலோமீட்டர் மிதித்த கதையைக் குடும்பம் கூடும்போதெல்லாம் சொல்வான். அந்த அறுபது வருஷா வருஷம் கொஞ்சம் வளர்ந்து இப்போது எண்பதில் நிற்கிறது. அதுவரை அவன் கடைசியாகச் சைக்கிள் மிதித்தது கல்யாணத்துக்கு முன்னால் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. அவள்கூடத்தான்.

ஓர்ப்படியின் போனுக்கு மறுநாள் அவள் கம்பெனிக்குப் பேசினாள். அந்தப் பக்கம் ஒரு பெண், நல்ல பொறுமைசாலி.

"பெட்டிகளுடன் வருபவர்னு உங்க பேருதான் மேடம் இருக்கு. வேன்ல டிரைவர் பக்கத்துல ஒரே ஒரு சீட்டு, அது உங்களுக்கு. பெட்டிங்களை எண்ணி வாங்கி, ரூம் ரூமா வெச்சுடணும். அதுக்குச் சம்மதம்னு நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க."

"நான் சைக்கிள் ஓட்டறவ. வழியைப் போட்டவளே நான்தான்."

"உடல்நலப் பாரத்துல வேற மாதிரி இருக்கே மேடம். படிக்கட்டுமா? 'எழுந்து நிற்கும்போது ரத்த அழுத்தம் குறைந்து மயக்கம். மருத்துவக் கண்காணிப்பில் உள்ளார். சைக்கிள் ஓட்டத் தகுதியில்லை.' கீழே உங்க கையெழுத்து."

கையெழுத்து அவளுடையதுதான். நாலு வாரத்துக்கு முன்பு, காலை ஷிப்டுக்கு அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது கணவன் கையில் காகிதக் கட்டோடு வந்து நின்றான். "கம்பெனி பாரம். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு போடு, மத்ததை நான் நிரப்பிக்கறேன்" என்றான். அவள் சுவரில் காகிதத்தை வைத்து ஒற்றைக் காலில் நின்றபடி போட்டாள். டிப்போவில் ஒரு நிமிஷம் தப்பாக இருந்தால் பக்கத்தையே கிழித்துப் போடுகிறவள், வீட்டில் நாலு பக்கத்தில் ஒரு வரி படிக்கவில்லை. வீட்டுக்காரன் நீட்டுகிற காகிதத்தை யார் படித்துக்கொண்டிருப்பார்கள்?

வியாதியின் பெயர் சுத்தமாக இருந்ததில் அவளுக்கு ஆச்சரியமில்லை. அவன் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறவன். நாள் முழுக்க ஊராருக்கு ரிப்போர்ட் அடிக்கிறவன், சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு சொட்டு ரத்தம்கூட எடுக்காமல் ஒன்று அடித்துவிட்டான்.

"திங்கட்கிழமை மத்தியானத்துக்குள்ள டாக்டர் சர்டிபிகேட் அனுப்பிட்டா மாத்திடலாம் மேடம்" என்றாள் அந்தப் பெண்.

டிப்போவில் டிரைவர்களைச் சோதிக்கிற டாக்டர் இருந்தார். அவளைப் படுக்க வைத்து, உட்கார வைத்து, நிற்க வைத்து மூன்று தடவை அழுத்தம் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார். "உங்களுக்கு பஸ்ஸையே குடுக்கலாம், சைக்கிள் என்ன!" என்று சொல்லி முத்திரை குத்திக் கொடுத்தார். அவளுக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்க முடியவில்லை.

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்குப் போனபோது, அவன் புதிதாக வாங்கிய சைக்கிள் கையுறைகளை மாட்டி விரல்களை மடக்கி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு என்ன வியாதி?" என்று கேட்டாள்.

அவன் கையுறையைக் கழற்றவில்லை. "யார் சொன்னா?"

"என்னைத் தவிர எல்லாரும் சொல்றாங்க."

"உன் நல்லதுக்குத்தான். அன்னைக்கு ஏரிக்கரைக்கு என்ன வேகத்துல போனே! விழுந்திருந்தா?"

"விழலையே."

ஏரிக்கரை என்றதும் அவளுக்கு விஷயம் பாதி விளங்கிவிட்டது. பாரம் வருவதற்கு முந்தின ஞாயிறு, இருவரும் பழகிப்பார்க்க இருபத்தெட்டு கிலோமீட்டர் போனார்கள். பாதி வழியிலேயே அவன் பின்தங்கினான். பின்னாலேயே வந்துவிடுவான் என்று நினைத்து அவள் தன் வேகத்தில் போனாள். ஏரிக்கரைச் சிமெண்டு பெஞ்சில் நாற்பது நிமிஷம் உட்கார்ந்திருந்த பிறகு அவன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தான். பக்கத்துப் பெஞ்சில் நடைப்பயிற்சிக்காரர்கள் நாலைந்து பேர். "மெதுவா வாங்க, அவசரமில்ல" என்று எழுந்துபோய்த் தண்ணீரை நீட்டினாள். அன்பாகத்தான் சொன்னாள். "செயின் சரியில்ல" என்றான் அவன். செயினில் ஒரு கோளாறும் இல்லை. அதை அவள் சொல்லவில்லை.

இப்போது அவனே சொன்னான். தரையைப் பார்த்துக்கொண்டு, கையுறை விரலை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு சொன்னான்.

"நீ முன்னாடி போனதுகூடப் பரவாயில்ல. போய் உக்காந்துட்டு நான் தள்ளிக்கிட்டு வர்றதைப் பாத்துட்டு இருந்தே பாரு. அதை ஆறு நாள் தம்பி முன்னாடி என்னால தாங்க முடியாது."

அந்த ஒரு நிமிஷம் அவளுக்கு அவன்மேல் இரக்கம் வந்தது உண்மை. அடுத்த நிமிஷமே அது போய்விட்டது.

"அப்ப உங்க பேரை எழுதியிருக்கலாமே. முழங்கால் வலின்னு எழுதிட்டு நீங்க வேன்ல வந்திருக்கலாமே."

"அவன் சிரிப்பான்."

"நான் வேன்ல வந்தா?"

"உன்னைப் பாத்து யார் சிரிக்கப்போறா? பொம்பளைக்கு மயக்கம்னா யாரும் ஒண்ணும் நினைக்கமாட்டாங்க."

இதை அவன் அவளுக்கு ஆறுதலாகத்தான் சொன்னான். அதுதான் அவளைச் சுட்டது. ஆனாலும் அவள் குரலை உயர்த்தவில்லை. அவனுக்கு ஒரு வழி விட்டாள். இருபத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் அவனுக்கு வழி விட்டே பழகியவள்.

"ஞாயித்துக்கிழமை அவங்க ரெண்டு பேரும் வர்றாங்க. மயக்கம் இல்லைன்னு மட்டும் சொல்லுங்க, போதும். ஏரிக்கரைப் பேச்சையே நான் எடுக்கமாட்டேன். ரிப்போர்ட் மாறிப்போச்சுன்னு சொல்லுங்க. உங்க லேப்ல மாறினதே இல்லையா? வழியில நான் உங்களுக்குப் பின்னாடியே வர்றேன்."

அவன் தலையாட்டினான். "சரி, சொல்லிடறேன்" என்றான்.

ஞாயிறு பதினோரு மணிக்குத் தம்பியும் மனைவியும் வந்தார்கள். சாப்பாட்டு மேஜையில் அவள் வரைபடத்தை விரித்தாள். "அண்ணி, நீங்க நிக்காதீங்க, உக்காருங்க" என்று கொழுந்தன் நாற்காலியை அவள் முழங்காலில் இடிக்கிற அளவுக்குத் தள்ளினான். அவள் உட்காராமல், டாக்டர் கொடுத்த காகிதத்தை வரைபடத்தின்மேல் வைத்தாள்.

கொழுந்தன் அதை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தான். "இவரு டிப்போ டாக்டர்தானே அண்ணி? டிரைவருங்களுக்குக் கண்ணு பாக்கறவரு. ஏதாவது ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? அண்ணா, நீங்க சொல்லுங்க."

மூன்று பேரும் அவனைப் பார்த்தார்கள். அவன் ஆற்றின் நீலக் கோட்டை விரலால் தடவிக்கொண்டிருந்தான். அவள் அவன் வாயையே பார்த்தாள். ரிப்போர்ட் மாறிப்போச்சு. இரண்டே சொல்.

"டாக்டர் மேலோட்டமாப் பாத்திருப்பாரு" என்றான் அவன். "ரிப்போர்ட்டை நானே பாத்தேனே. ரெண்டு தடவை எடுத்தேன்."

ஓர்ப்படி உச்சுக்கொட்டினாள். கொழுந்தன் காகிதத்தை மடித்து மரியாதையாக அவளிடமே கொடுத்தான்.

அவள் கத்தியிருக்கலாம். ஏரிக்கரையை அங்கேயே மேஜைமேல் போட்டு உடைத்திருக்கலாம். சொன்னால் நம்பமாட்டார்கள், ரத்தம் பார்க்கிறவன் சொல்லிவிட்டான். நம்பிவிட்டால் அதைவிடக் கேவலம், இப்படிப்பட்டவனோடு இத்தனை வருஷம் இருந்தவள் என்ற வெட்கம் அவளுக்குத்தான். இரண்டையும் நினைத்துப் பார்த்து, மூன்றாவதாக ஒன்றைச் சொன்னாள்.

"இவர் சொல்றது சரிதான். எனக்கு உடம்பு முடியல. வேன்லயும் என்னால வர முடியாது. நீங்க மூணு பேரும் போயிட்டு வாங்க."

ஓர்ப்படி கேட்டாள், "அப்ப பெட்டிங்களை யாருக்கா பாத்துக்கறது?"

"வேன்காரர் இறக்கி வெச்சிடுவாரு."

"அந்தச் சீட்டு காலியாத்தானே இருக்கும்? என்னோட இன்னொரு பெட்டியை அங்க வெச்சுக்கலாமா?"

"வெச்சுக்கலாம்."

கொழுந்தனுக்கு இப்போது உற்சாகம் வந்துவிட்டது. வரைபடத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். "அப்படின்னா முப்பத்தஞ்சு ரொம்பக் கம்மிண்ணா. அண்ணிக்காகத்தானே அவ்வளவு கம்மியா வெச்சோம்? ஹோட்டல் அதேதான் இருக்கட்டும், மலைப்பக்கம் சுத்திக்கிட்டுப் போனா நாளைக்கு அறுபது வரும். நீங்க எண்பது போனவராச்சே!"

அவள் கணவன் முகத்தில் ஈயாடவில்லை. சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. அவளை ஒரு பார்வை பார்த்தான். காலம் காலமாக, பில் கட்ட மறந்தபோதும் விருந்தாளி முன்னால் பேச்சு முட்டியபோதும் பார்க்கிற அதே பார்வை. அவள் பென்சிலை எடுத்தாள். மலை வழியும் அவளிடம் இருந்தது, ஆரம்பத்தில் பார்த்து வேண்டாமென்று ஒதுக்கியது. அரை மணியில் ஆறு நாளுக்கும் மணி குறித்துக் கொடுத்துவிட்டாள். ஒரு நிமிஷம் பிசகவில்லை. தனக்கு இவ்வளவு கெட்ட புத்தி இருக்கிறதா என்று அவளுக்கே வியப்பாக இருந்தது. அதோடு சந்தோஷமாகவும் இருந்தது.

அவர்கள் கிளம்பிப் போனதும் அவன் கதவைச் சாத்திவிட்டு வந்தான்.

"அறுபது என்னால முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"எதாவது பண்ணு."

"நீங்கதான் பண்ணணும். நாளைக்கு மத்தியானம் வரைக்கும் நேரம் இருக்கு. தம்பிகிட்ட உண்மையைச் சொல்லுங்க. சர்டிபிகேட்டை அனுப்பிட்டு நானும் வர்றேன். பழையபடி முப்பத்தஞ்சே போகலாம்."

அவன் கூடத்தில் இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்தான். தண்ணீர் குடித்தான். அவள் போனை எடுத்து அவன் கையில் வைத்தாள். கடைசியில், "சரி, சொல்லிடறேன். இப்பவே சொல்லிடறேன்" என்றான். உண்மையாகவே சொல்லிவிடுவான் என்றுதான் அவளுக்குத் தோன்றியது. கண்ணெல்லாம் கலங்கியிருந்தது அவனுக்கு. பாவம், எவ்வளவு கஷ்டப்படுகிறான் என்று அவள் நினைத்ததும் நிஜம்.

தம்பி போனை எடுத்தான். ஸ்பீக்கரில் கார் ஓடுகிற சத்தம் கேட்டது.

"ஒண்ணுமில்லடா" என்று ஆரம்பித்தான் அவன். "உங்க அண்ணி விஷயம்தான். நீங்க இருந்தப்ப சொல்ல முடியல." நிறுத்தினான். அவள் பக்கம் திரும்பாமல், ஜன்னலைப் பார்த்துச் சொன்னான். "அவளுக்கு ரொம்ப முடியலடா. இந்த நிலைமையில அவளைத் தனியா விட்டுட்டு நான் எப்படிடா வர்றது? நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருந்து அவளைப் பாத்துக்கறேன்."

கொழுந்தனின் குரல் தழுதழுத்தது.

"அண்ணா, உங்களை மாதிரி ஒருத்தர் கிடைக்க அண்ணி குடுத்து வெச்சிருக்கணும்."

"அதெல்லாம் என்னடா. நம்ம கடமை."

"ஒண்ணு மட்டும் சொல்றேன். அண்ணியோட சைக்கிளை முதல்ல அங்கிருந்து எடுத்துடுங்க. அவங்களுக்கு ஆசை ஜாஸ்தி, நீங்க இல்லாத நேரத்துல எடுத்துட்டுப் போய் விழுந்து வெச்சா என்ன பண்றது? நானே வந்து எடுத்துட்டுப் போயிடறேன்."

"ஆமாடா. வா, வந்து எடுத்துட்டுப் போ."

அவன் போனை மேஜைமேல் வைத்தான். முகம் தெளிந்திருந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவ்வளவு நிம்மதியான முகத்தோடு அவனை அவள் பார்த்ததில்லை.

"சைக்கிளைத் தொட்டா நடக்கறதே வேற" என்றாள் அவள். குரல் தன்னுடையதாகவே இல்லை. "ஏரிக்கரையில நடந்தது, பாரத்துல நீங்க எழுதினது, எல்லாத்தையும் உங்க தம்பிகிட்ட நான் சொல்லுவேன்."

அவன் கோபப்படவில்லை. மிரட்டவும் இல்லை. அவள் உட்கார வசதியாக நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு, சந்தேகம் கேட்கிற மாதிரி சாதாரணமாகத்தான் கேட்டான்.

"சொல்லு. யாரு நம்புவாங்க?"